கேரவனுக்கு எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும்?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம், குமுளி, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு தங்கித் தங்கிச் சுற்றிவர விரும்பி, டெம்போ டிராவலரையோ பழைய மினி பஸ்ஸையோ கேரவனாக மாற்றிக்கொள்பவர்கள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டைச் செய்யச் சொல்பவர்களும் உண்டு. படுக்கையின் நீளம், சமையல் மேடையின் உயரம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு என எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாக யோசிப்பவர்கள்கூட, ஜெனரேட்டர் என்று வரும்போது மட்டும் கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே வாங்கி வந்துவிடுவது உண்டு. அது சிறியதாக அமைந்துவிட்டால் ஏசியைப் போட்டதும் நின்றுவிடும். தேவைக்கு மேல் பெரியதாக அமைந்துவிட்டாலோ, எடையும் எரிபொருள் செலவும் இரைச்சலும் ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வரும். சரியான அளவைக் கண்டுபிடிக்கக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தாலே போதும். எந்தச் சாதனம் எந்தச் சாதனத்தோடு சேர்ந்து ஓடும், மோட்டார் உள்ள சாதனம் கிளம்பும் நொடியில் எவ்வளவு கேட்கும், வண்டி நிற்கும் இடம் எப்படிப்பட்டது ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

முதலில் அலகுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் அந்தச் சாதனம் எடுக்கும் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், நம் நாட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் அதைப் பெருக்கிக்கொண்டால் கணக்குக்குப் போதுமான அளவு கிடைத்துவிடும். 5 ஆம்பியர் என்று போட்டிருக்கும் சாதனம் ஏறத்தாழ 1,150 வாட் எடுக்கும் என்று கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கேரவன் பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை; அங்கே '30 ஆம்ப் டிரெய்லர்' என்று சொன்னால், 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட் என்று பொருள். அதே 30 ஆம்பியரை நம் 230 வோல்ட்டில் பெருக்கினால் 6,900 வாட் ஆகிவிடும். காணொளியில் கேட்ட ஆம்பியரை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே கடைக்குப் போனால், தேவைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிய இயந்திரத்தைத்தான் வாங்க நேரிடும். ஆகவே வெளிநாட்டுத் தகவல் எதுவாக இருந்தாலும் வாட்டுக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

ஜெனரேட்டரின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேவிஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த அளவு; கிலோவாட் என்பது அதில் உண்மையில் பயன்படும் திறன். இரண்டும் ஒன்றல்ல. டீசல் ஜெனரேட்டர்களைப் பொதுவாக 0.8 பவர் ஃபேக்டரில், அதாவது கேவிஏவில் 80 சதவீதமே பயன்படும் திறன் என்று, மதிப்பிடுவதால், 5 கேவிஏ இயந்திரம் உண்மையில் கொடுப்பது 4 கிலோவாட்தான். கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல் ஜெனரேட்டர்களிலோ வேறொரு நுட்பம் உண்டு: பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மிகச் சிறிது நேரத்துக்கு மட்டும் கொடுக்கக்கூடிய உச்சத் திறனாக இருக்கும். மணிக்கணக்கில் இடைவிடாமல் கொடுக்கக்கூடிய தொடர் திறன் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 2.2 கேவிஏ என்று விற்கப்படும் சிறிய இயந்திரங்களின் தொடர் திறன் 1.8 கிலோவாட்டை ஒட்டியே அமைவது வழக்கம். 'ரேட்டட்' என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் எண்ணே நம் கணக்குக்கு உரியது. 'மேக்ஸ்' என்பதற்கு எதிரே உள்ள எண், அடுத்து நாம் பார்க்கப்போகும் தொடக்கச் சுமைக்கு மட்டும் பயன்படும்.

பலரும் தடுமாறும் இடம் இந்தத் தொடக்கச் சுமைதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். பல்பு, இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில் போன்றவை, போட்ட நொடியிலும் பிறகும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன. மோட்டார் உள்ளவை அப்படியல்ல. மூட்டை ஏற்றி நிறுத்தியிருக்கும் தள்ளுவண்டியை முதல் அடி நகர்த்துவதற்கு, உருளத் தொடங்கிய பின் தள்ளுவதைவிடப் பல மடங்கு பலம் வேண்டியிருப்பதைப் போல, அசையாமல் நிற்கும் கம்ப்ரசர் சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடிக்குள், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கரண்டை இழுக்கும். மின்வாரியக் கம்பியில் வரும் மின்சாரத்தில் இது நமக்குத் தெரிவதே இல்லை. அந்தக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் திறன் அவ்வளவு பெரியது. ஜெனரேட்டரில் இதைக் கண்ணாலும் காதாலும் உணரலாம். ஏசியின் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். ஓரிரு நிமிடம் கழித்து 'டக்' என்று ரிலே விழும். அந்தக் கணத்தில் வண்டிக்குள் விளக்கு மங்கும், வெளியே எஞ்சினின் சத்தம் தாழ்ந்து திணறும். திறன் போதுமானதாக இருந்தால் எஞ்சின் அடுத்த நொடியே நிமிர்ந்துகொள்ளும். போதாவிட்டால், கம்ப்ரசர் சுழலாமல் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்க, ஜெனரேட்டரின் ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். அப்படி உறுமி நிற்பது கம்ப்ரசரின் காயிலைச் சூடாக்கி அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்ப்பது நல்லதல்ல. நின்ற கம்ப்ரசருக்குள் வாயு அழுத்தம் தணிய மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் மீண்டும் போட்டால் தொடக்கச் சுமை இன்னும் கூடும்.

ஐந்து முதல் ஏழு மடங்கு என்பது முழு மின்னழுத்தம் கிடைக்கும்போது நிகழ்வது. ஜெனரேட்டரில் அந்த நொடியில் மின்னழுத்தமே சற்றுத் தாழ்ந்துவிடுவதால், நடைமுறைக் கணக்குக்கு ஓட்டச் சுமையின் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏசிக்குத்தான். இன்வர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் பிடிப்பதால், தொடக்கச் சுமை என்ற ஒன்று ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. பழைய வகை ஏசிதான் வண்டியில் இருக்கிறது என்றால், சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு பெட்டியைப் பொருத்தித் தொடக்கச் சுமையைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும். என் கருத்தில், கேரவனில் ஏசி வேண்டும் என்று முடிவு செய்தவர் ஜெனரேட்டரைப் பற்றி நினைப்பதற்கு முன் ஏசியின் வகையை முடிவு செய்துவிட வேண்டும். பெரிய ஜெனரேட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல இன்வர்ட்டர் ஏசியின் விலையில் ஒரு பங்கு அடங்கிவிடும்.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் ஒரு டன் ஏசி, 180 லிட்டர் ஃபிரிட்ஜ், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, எல்இடி விளக்குகள், நான்கைந்து போன்களுக்கான சார்ஜர், 750 வாட் மிக்ஸி, 1,500 வாட் கெட்டில், 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டினால் 5,700 வாட்டைத் தாண்டும். இந்தக் கூட்டுத்தொகையைக் கடையில் சொன்னால் ஏழு கேவிஏ இயந்திரம்தான் கைக்கு வரும். ஆனால் நள்ளிரவில் யாரும் மிக்ஸியில் சட்னி அரைக்கப்போவதில்லை. இரவு முழுதும் சேர்ந்து ஓடுபவை எவை என்று மட்டும் பார்த்தால், ஃபிரிட்ஜ் 150 வாட், ஃபேன்கள் 60 வாட், விளக்குகள் 40 வாட், சார்ஜர்கள் 100 வாட், ஆக 350 வாட், அதோடு ஏசி. அடுப்பைக் காஸுக்கு மாற்றிவிட்டு, மிக்ஸியும் கெட்டிலும் ஓடும் சில நிமிடங்கள் ஏசியை நிறுத்திவைப்பது என்று குடும்பத்துக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், இந்த இரவுச் சுமைதான் ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிக்கிறது.

பழைய வகை ஏசி என்றால் ஓட்டத்தில் 1,200 வாட்டும் தொடக்கத்தில் 3,600 வாட்டும் ஆகும். அதோடு 350 வாட்டைச் சேர்த்தால், ஓட்டச் சுமை 1,550 வாட்; தொடக்க நொடியில் 3,950 வாட். ஓடுவதற்கு இரண்டு கிலோவாட் போதும் என்றிருக்க, அந்த ஒரு நொடிக்காக மட்டும் நான்கு கிலோவாட் உச்சத் திறன் உள்ள இயந்திரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. இன்வர்ட்டர் ஏசி என்றால் அது எடுக்கும் உச்ச அளவே 1,100 வாட்டை ஒட்டியிருக்கும். மொத்த ஓட்டச் சுமை 1,450 வாட். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியைச் சேர்த்தாலும் 1,900 வாட்டைத் தாண்டாது. எந்த ஜெனரேட்டரையும் தொடர் திறனின் 80 சதவீதத்துக்கு மேல் இரவெல்லாம் ஓட்டக் கூடாது என்பதால், 1,450-ஐ 0.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,800 வாட் வருகிறது. அதாவது 2.2 கேவிஏ என்று விற்கப்படும், சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் சிறிய இன்வர்ட்டர் ஜெனரேட்டர் இந்தக் குடும்பத்துக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்று கேவிஏ வகை தாராளமாகப் போதும். கடையில் கேட்கவிருந்த ஏழு கேவிஏவுக்கும் இதற்கும் உள்ள தூரம் முழுவதும், ஏசியின் வகையையும் எவை எவை சேர்ந்து ஓடும் என்பதையும் கவனித்ததால் மட்டுமே கிடைத்தது.

அடுத்து வண்டி நிற்கும் இடம். மதுரை வெயிலைப் பற்றி இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும்போது இரண்டு பக்கத்திலும் இழப்பு நேர்கிறது: சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் எஞ்சினின் திறன் மூன்று சதவீதம் அளவுக்குக் குறைகிறது, வெளியே சூடு கூடக்கூட ஏசியின் கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்ய வேண்டியிருப்பதால் அது எடுக்கும் வாட்டும் கூடுகிறது. இரண்டாவது இழப்புதான் பெரியது. தகரக் கூரைக்கு அடியில் ஒழுங்கான இன்சுலேஷன் இல்லாத வண்டியை மட்ட மத்தியானத்தில் வெட்டவெளியில் நிறுத்தினால், ஒரு டன் ஏசி நிற்காமல் ஓடியும் உள்ளே குளிர்ச்சி ஏறாது. உடனே ஒன்றரை டன் ஏசி வேண்டும் என்று தோன்றும். அதற்கேற்ப ஜெனரேட்டரும் பெரிதாகும். அதே வண்டியின் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் ஓர் அங்குல ஃபோம் பதித்து, மேலே வெள்ளை அடித்து, புளியமர நிழலில் நிறுத்தினால் ஒரு டன்னே அதிகமாக இருக்கும். வண்டியை இன்னும் கட்டி முடிக்காதவர்கள் இந்தச் செலவை முதலில் செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்தவே விரும்புகிறேன், ஏனென்றால் உள்வேலை முடிந்த பிறகு இதைச் செய்வது கூரையைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

மலைக்குப் போகும்போது கணக்கு வேறு விதமாக மாறுகிறது. உயரம் கூடக்கூடக் காற்றில் உயிர்வளியின் அளவு குறைவதால், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் ஏறத்தாழ 3.5 சதவீதத் திறனை இழக்கிறது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு திறன் போய்விடும். மதுரையில் 1.8 கிலோவாட் கொடுத்த இயந்திரம் அங்கே 1.35 கிலோவாட்டைத்தான் கொடுக்கும். கார்புரேட்டர் உள்ள எஞ்சின் என்றால், காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவை உள்ளே போவதால் கரும்புகை தள்ளும், பிளக்கில் கரி படியும். மேல்மலையிலேயே நெடுநாள் தங்கப்போகிறவர்கள் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை அதற்குரிய சிறியதாக மாற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் கொடைக்கானலுக்காகவே பெரிய ஜெனரேட்டராக வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஏசியே தேவையில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. திறன் கால் பங்கு குறையும் இடத்தில், சுமையில் முக்கால் பங்கு தானாகவே கழன்றுவிடுகிறது. மலையில் சிக்கல் தருபவை ரூம் ஹீட்டரும் வாட்டர் ஹீட்டரும்தான். 2,000 வாட் ஹீட்டரைச் சிறிய ஜெனரேட்டரில் ஓட்டவே முடியாது. வெந்நீரைக் காஸ் அடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பளிக்குக் கூடுதலாக ஒரு பை ஒதுக்குபவர்களுக்கு மலைக்கென்று பெரிய ஜெனரேட்டர் தேவைப்படாது. ஆகவே சமவெளிக்கு ஒன்றும் மலைக்கு ஒன்றுமாக இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட்டு, இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்வதுதான் முறை. ஏசியின் சுமையையும் மலையின் இழப்பையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு.

'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு சுற்றுப் பெரியதாக வாங்கினால் என்ன என்று கேட்கலாம். மூடுபெட்டி இல்லாத சாதாரணத் திறந்த சட்ட ஜெனரேட்டரில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்காக எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்திலேயே எப்போதும் ஓடியாக வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம்தான், ஏசி ஓடினாலும் அதே வேகம்தான். வண்டி குளிர்ந்த பிறகு ஏசி குறைந்த வேகத்துக்கு வந்து மொத்தச் சுமை 600 வாட்டுக்கு இறங்கிவிட்டாலும், ஐந்து கேவிஏ இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோலை எடுத்துக்கொண்டே இருக்கும். சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் சிறிய இன்வர்ட்டர் ஜெனரேட்டர் அதே வேலையை அரை லிட்டரைச் சற்றுத் தாண்டிய அளவில் முடித்துவிடும். எட்டு மணி நேர இரவுக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு ரூபாய். பெரியதில் அது ஆயிரத்தைத் தொடும். டீசல் ஜெனரேட்டரில் இழப்பு வேறு வகையானது: திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓட்டினால், சிலிண்டர் உரிய சூட்டை எட்டாமல் டீசல் முழுதாக எரியாது, எரியாத எரிபொருளும் கரியும் புகைக்குழாயில் பிசினாகப் படிந்து எஞ்சினைக் கெடுக்கும். எடையையும் பார்க்க வேண்டும். இரண்டு கேவிஏ அளவுள்ள இன்வர்ட்டர் வகை 20 கிலோவை ஒட்டியிருக்கும்; ஒருவரே கையில் தூக்கி இறக்கிவிடலாம். ஏழு கேவிஏ வகை நூறு கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், அதை வண்டியின் அடிப்பெட்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்த வேண்டியிருக்கும்.

அப்படிப் பொருத்துவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஏசிக்காகக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டுப் படுக்கும் வண்டியில், தரையில் இருக்கும் சிறு இடுக்கே நச்சு வாயு உள்ளே வரப் போதுமான வழியாகிவிடும். கையில் தூக்கக்கூடிய சிறிய ஜெனரேட்டரை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்: அதை இறக்கி, காற்று வீசும் திசை பார்த்து, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி இருபது அடிக்கு அப்பால் வைத்துவிட முடியும். எந்த அளவு ஜெனரேட்டராக இருந்தாலும், படுக்கைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பொருத்தாமல் இரவில் ஓட்டவே கூடாது.

இரைச்சலும் அளவோடு சேர்ந்தே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு 45 டெசிபல். சிறிய இன்வர்ட்டர் ஜெனரேட்டரே ஏழு மீட்டர் தூரத்தில் 50 முதல் 60 டெசிபல் வரை ஒலிக்கும். திறந்த சட்ட வகை 70-ஐ ஒட்டி ஒலிக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, வைகைக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஏசி போட்டுப் படுக்கும் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே, கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கெல்லாம் ஜெனரேட்டரை ஓட்டாமல் இருப்பதே முறையானது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏசி வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் ஜெனரேட்டரே தேவைப்படாது. ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், சார்ஜர் ஆகியவை ஒரு நாளுக்கு எடுப்பது ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரைதான். கூரையில் 400 வாட் சோலார் பேனலைப் போட்டால் நம் பகுதி வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டிக் கிடைத்துவிடும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி (Ah) லித்தியம் பேட்டரி ஒன்று இரண்டரை யூனிட் வரை தாங்கும். ஏசி வேண்டும் என்பவர்களும் சிறிய சுமைகளைப் பேட்டரிக்கு மாற்றிவிட்டால், ஜெனரேட்டர் ஏசிக்கு மட்டும் உரியதாகிவிடும், 2.2 வகையே நிம்மதியாகப் போதும். எப்போதாவது உறவினர்களோடு இரண்டு வண்டிகளாகப் போகும் பழக்கம் உள்ளவர்கள், ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக, இணைத்து ஓட்டும் வசதியுள்ள இரண்டு சிறிய இன்வர்ட்டர் ஜெனரேட்டர்களை வாங்குவதையும் யோசிக்கலாம். தேவைப்படும்போது கேபிளால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். சித்திரை, வைகாசி மாதங்களில், பகல் இரண்டு மணி வாக்கில் வண்டியையே கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் காட்டும் ஜெனரேட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். முதலில் ஃபிரிட்ஜையும் ஃபேன்களையும் ஓடவிட்டு, பிறகு ஏசியைப் போட வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒருவர் வயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கருவியான டாங் டெஸ்டரை மாட்டி, கம்ப்ரசர் கிளம்பும்போது எத்தனை ஆம்பியர், அரைமணி நேரம் ஓடிய பிறகு எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளட்டும். தகட்டில் போட்டிருக்கும் எண்ணைவிட இந்த இரண்டு எண்களே நம்பத்தக்கவை. வோல்ட் மீட்டர் தொடக்க நொடியில் தாழ்ந்தாலும் ஒரு நொடிக்குள் மீண்டுவிட வேண்டும். தொடர்ந்து ஓடும்போது 207 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஏசியை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போட்டு, இப்படி மூன்று முறை பார்த்த பிறகும் ஓவர்லோடு விளக்கு எரியாவிட்டால் அந்த இயந்திரத்தை வாங்கலாம்.